சத்தமில்லாமல் வரத் தெரியாத வைரஸ்

1953-ல் அமெரிக்காவின் பெதஸ்தா நகரில், தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த வாலஸ் ரோவும் அவருடைய குழுவினரும் அடினாய்டு சதையை ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்கூரையில் இருக்கும் சதை அது. குழந்தைகளுக்கு வீங்கி மூச்சை அடைக்கும்போது மருத்துவர்கள் அறுத்து எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த சதை ஊட்டச்சாற்றில் சில வாரங்கள் நன்றாக வளர்ந்தது. பிறகு வெளியிலிருந்து யாரும் எதையும் சேர்க்காமலேயே செல்கள் உருண்டு திரண்டு உதிரத் தொடங்கின. சதைக்குள் ஒளிந்திருந்த ஏதோ ஒன்று விழித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு மாரிஸ் ஹில்மேனும் ஜாக்குலின் வெர்னரும் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்த ராணுவப் பயிற்சி வீரர்களிடமிருந்து அதே இனத்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1956-ல், முதலில் கிடைத்த சதையின் பெயராலேயே அடினோவைரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் அந்நியமாகத் தோன்றினாலும் இந்த வைரஸ் நுழையாத வீடு கிடையாது. குழந்தைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல், தொண்டைப்புண் பலவற்றுக்கும், இதன் 40, 41 என்ற எண்ணுள்ள வகைகள் உண்டாக்கும் வயிற்றுப்போக்குக்கும் இதுவே காரணம். சென்னையில் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்கிறோமே, அந்தக் கண்நோயும் பெரும்பாலும் அடினோவைரஸால் வருவதுதான். பலருக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு மட்டும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த வைரஸின் வயிற்றில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து, நோயாளியின் செல்லுக்குள் கொண்டுபோய் இறக்கலாம் என்ற எண்ணம்தான் மரபணு சிகிச்சையின் தொடக்க கால நம்பிக்கைகளில் பெரியது. ஆய்வகங்களில் 'வெக்டர்' என்பார்கள். நாம் ஊர்தி என்று வைத்துக்கொள்வோம். 1990-களில் இந்த ஊர்தியைக் கொண்டாடினார்கள். 1999-ல் ஓர் இளைஞரின் மரணத்துக்குப் பிறகு அஞ்சி ஒதுங்கினார்கள். 2021-ல் அதே ஊர்தி கோடிக்கணக்கான கைகளில் ஊசியாக இறங்கியது. ஏன் இப்படி ஏறியும் இறங்கியும் போனது? அந்த வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் முறையை ஒவ்வொரு படியாகப் பார்த்தால், அது எந்த வேலைக்கு ஏற்றது, எந்த வேலைக்கு ஆகாது என்பதற்கான விடை அங்கேயே கிடைக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சரியாகப் படிக்கத்தான் நீண்ட காலம் பிடித்தது.

அடினோவைரஸ் சுமார் 90 நானோமீட்டர் அகலம் கொண்டது. இருபது முக்கோண முகங்களும் பன்னிரண்டு முனைகளும் உள்ள புரத ஓடு. முகங்களில் 240 ஹெக்சான் கட்டிகள், முனைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பென்டான் கட்டிகள். ஒவ்வொரு முனையிலிருந்தும் குமிழ் வைத்த இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொரோனா வைரஸுக்கு இருப்பது போன்ற கொழுப்புப் படலம் இதற்குக் கிடையாது. அதனால் எளிதில் சிதைவதில்லை. கண்நோய்க் காலத்தில் துண்டிலும் கதவுக் கைப்பிடியிலும் நாள்கணக்கில் உயிர்ப்போடு கிடப்பது இதனால்தான். ஓட்டுக்குள்ளே சுமார் 36,000 கார இணைகள் நீளமுள்ள, நேர்கோடான இரட்டை இழை டி.என்.ஏ. இருக்கிறது. அதன் இரு நுனிகளிலும் ஒரே எழுத்து வரிசை, ஒன்றுக்கொன்று தலைகீழாக. நுனிக்கு ஒன்றாக ஒரு புரதம் ரசாயனப் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில் இருக்கும் இந்தப் புரதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குப் பெரிய வேலை வரும்.

அதிகம் ஆராயப்பட்டது 5-ம் வகை. அதன் இழைக் குமிழ், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. காக்சாக்கி வைரஸும் இதே ஏற்பியைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் இரண்டின் பெயரையும் சேர்த்து, சுருக்கமாகக் 'கார்' என்பார்கள். 1997-ல்தான் இது அடையாளம் காணப்பட்டது. பற்றிய பிறகு பென்டானின் அடிப்பாகம் இன்டக்ரின் என்ற வேறொரு புரதத்தைத் தொடுகிறது. உடனே செல் சவ்வு உள்வாங்கி, வைரஸை எண்டோசோம் எனப்படும் சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது. வேறு பலவும் அங்கே செரித்துப்போகும். அடினோவைரஸோ அதற்குள் தன் ஓட்டைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே வைத்திருந்த ஆறாம் புரதத்தை வெளியே விடுகிறது. அந்தப் புரதம் பையின் சுவரைக் கிழிக்கிறது.

இந்தக் கிழிப்புதான் எனக்கு முக்கியமாகப் படும் இடம். இத்தனை திறமையோடு செல்லுக்குள் போகும் ஊர்தி வேறு அதிகம் இல்லை. ஆனால் பை கிழிவதை நம் செல்கள் கவனிக்காமல் இருப்பதில்லை. உள்ளே அந்நிய டி.என்.ஏ. வந்துவிட்டது, ஓடு வந்துவிட்டது என்று அபாயமணி அடிக்கிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் சுரக்கின்றன. வைரஸின் ஒரு மரபணுகூட இன்னும் விழிக்கவில்லை. அதற்குள் ஊரே எழுந்துவிடுகிறது.

பையிலிருந்து தப்பிய ஓட்டை, செல்லின் உள்ளே தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்களின் மேல் டைனின் என்ற இயக்கப் புரதம் இழுத்துச் செல்கிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் உட்கருவின் வாசல் வந்துவிடும். ஓடு வாசல் துளையை விடப் பெரியது. அது வாசலில் உட்கார்ந்துகொள்ள, கைனெசின் என்ற இன்னொரு இயக்கப் புரதம் இழுத்து உடைக்கிறது, டி.என்.ஏ. மட்டும் உள்ளே போகிறது. வைரஸ் தன் சொந்தச் சரக்கை வாசல்வரை கொண்டுவர, இழுத்ததும் உடைத்ததும் நம் செல்லின் வேலையாட்கள்.

உள்ளே முதலில் விழிக்கும் மரபணு ஈ1ஏ. தொண்டையின் மேற்பரப்பில் இருக்கும் செல்களில் பெரும்பாலானவை ஓய்வில் இருப்பவை, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நிலையில் இல்லாதவை. வைரஸுக்கோ நகலெடுக்கத் தேவையான மூலப்பொருள் வேண்டும். நம் செல்லில் ஆர்பி என்றொரு புரதம் உண்டு. ஈ2எஃப் என்ற தூண்டியைக் கட்டிப் பிடித்து, செல் பிரிவைத் தடுத்து வைப்பது அதன் பணி. ஈ1ஏ புரதம் ஆர்பியின் பிடியைத் தளர்த்துகிறது, ஈ2எஃப் விடுபடுகிறது, செல் நகலெடுக்கும் கட்டத்துக்குத் தள்ளப்படுகிறது. ஆர்பியைச் செயலிழக்கச் செய்தால் புற்றுநோய் வரலாம் என்ற அறிவு துலங்கியதில் ஈ1ஏ ஆர்பியைப் பற்றுகிறது என்று 1988-ல் வெளியான கண்டுபிடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 12-ம் வகை அடினோவைரஸ் பிறந்த வெள்ளெலிக் குட்டிகளுக்குக் கட்டியை உண்டாக்குகிறது என்று ஜான் டிரென்டின் 1962-லேயே காட்டியிருந்தார். மனிதருக்கு அது புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. ஆனால் புற்றுநோயின் இயக்கத்தை மனிதருக்குக் கற்றுக்கொடுத்தது.

அவசரப்படுத்தப்படும் செல் சும்மா இருக்காது. ஏதோ தவறு நடக்கிறது என்று உணர்ந்தால் பி53 என்ற காவல் புரதம் அந்தச் செல்லைத் தற்கொலைக்கு ஆயத்தம் செய்யும். அதைத் தடுக்க ஈ1பி வருகிறது. அதன் ஒரு புரதம் ஈ4 தரும் இன்னொரு புரதத்தோடு சேர்ந்து பி53-ஐ அழிக்க அனுப்புகிறது. மற்றொன்று செல்லின் சாவை நேரடியாகத் தள்ளிப்போடுகிறது. ஈ3 மரபணுக்கள் வெளிக்காவலைக் கவனித்துக்கொள்கின்றன. தொற்றிய செல்லை டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் புரதங்களை உள்ளேயே பிடித்துவைப்பது அவற்றில் ஒன்றின் வேலை.

ஈ2 தருபவை நகலெடுக்கும் கருவிகள். அடினோவைரஸின் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதனால் வெறும் இடத்தில் முதல் எழுத்தை எழுத முடியாது. ஏற்கெனவே இருக்கும் எழுத்தின் வாலில்தான் அடுத்ததை ஒட்ட முடியும். நம் செல்கள் முதலில் ஒரு சிறு ஆர்.என்.ஏ. துண்டை வைத்து, அதன் வாலிலிருந்து எழுதுகின்றன. வேலை முடிந்ததும் அந்தத் துண்டை அகற்ற வேண்டும். நடுவில் என்றால் இடைவெளியை நிரப்பிவிடலாம். நுனியில் என்றால் நிரப்ப வழியில்லை. நம் குரோமோசோம்களின் நுனிகள் பிரிவுக்குப் பிரிவு தேய்வது இதனால்தான். பாக்டீரியாவின் டி.என்.ஏ. பொதுவாக வட்டமானது என்பதால் அதற்கு நுனியே கிடையாது. அடினோவைரஸின் டி.என்.ஏ. நேர்கோடு. நம்முடையது போல அது தேய்ந்தால் சில தலைமுறைகளில் வம்சமே அற்றுப்போகும்.

அது கண்ட வழி, ஆர்.என்.ஏ. துண்டுக்குப் பதிலாக ஒரு புரதத்தையே பிடிமானமாக்கிக்கொள்வது. நுனிப் புரதத்தின் முன்வடிவம் தன் மேல் ஒரு 'சி' எழுத்தை ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. வைரஸின் நொதி அந்த எழுத்தின் வாலில் அடுத்ததை ஒட்டுகிறது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. படி எடுக்கத் தொடங்குவது முதல் எழுத்திலிருந்து அல்ல, நான்காவதிலிருந்து. மூன்று எழுத்துகள் எழுதியதும் மொத்தக் கூட்டமும் பின்னால் தாவி முதல் இடத்துக்கு வருகிறது. அங்கிருக்கும் முதல் மூன்று எழுத்துகளும் அடுத்த மூன்றும் ஒரே வரிசை என்பதால் எழுதியது அப்படியே பொருந்திவிடுகிறது. நுனி தொலையாமல் காக்கும் ஏற்பாடாகவே இதைக் கருதுகிறார்கள். வேலை முடிந்தபின் அந்தப் புரதத்தை அகற்ற வேண்டியதில்லை, நுனியிலேயே தங்கிவிடுகிறது.

பிறகு நொதி ஒரே மூச்சில் மறுகோடி வரை ஓடுகிறது. ஓர் இழையை நகலெடுத்துக்கொண்டே அதன் துணை இழையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளப்பட்ட ஒற்றை இழையை ஈ2 தரும் பிணைப்புப் புரதம் போர்த்திக் காக்கிறது. அந்த இழையின் இரு கோடிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துபவை அல்லவா? அவை வளைந்து வந்து கைகோத்துக்கொண்டால் பழையபடி ஓர் இரட்டை நுனி கிடைத்துவிடும். அதிலிருந்து அடுத்த நகல் தொடங்கும். 1979-ல் மார்க் சால்பர்க்கும் தாமஸ் கெல்லியும் இந்த நகலெடுப்பை உயிருள்ள செல்லே இல்லாமல் சோதனைக் குழாயில் நடத்திக் காட்டினார்கள்.

நகலெடுப்பு தொடங்கியதும் வைரஸின் பின்கட்ட மரபணுக்கள் விழிக்கின்றன. ஹெக்சான், பென்டான், இழை என்று ஓட்டுக்கான புரதங்கள் குவியல் குவியலாக வேண்டும். பெரும்பாலும் எல்லாமே ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரே நீண்ட ஆர்.என்.ஏ.வாக வார்க்கப்பட்டு, பிறகு வெட்டி ஒட்டப்படுகின்றன. உயிரியல் வரலாற்றில் அடினோவைரஸின் பெயர் பொறிக்கப்பட்டது இந்த இடத்தில்தான். 1977-ல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிலிப் ஷார்ப்பின் குழுவும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், லூயிஸ் சோ, தாமஸ் புரோக்கர் முதலியோரும் 2-ம் வகை வைரஸின் தூது ஆர்.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வோடு பொருத்தி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆர்.என்.ஏ. தொடர்ச்சியாகப் பொருந்தவில்லை. இடையிடையே டி.என்.ஏ. வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றது. மரபணு துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கிறது, இடையில் உள்ளதைச் செல் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுகிறது என்பது அப்போதுதான் மனிதருக்குத் தெரிந்தது. ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மரபணுக்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

புரதங்கள் உட்கருவுக்குத் திரும்பி வந்து ஓடாகக் கோக்கப்படுகின்றன. வைரஸின் சொந்த வெட்டு நொதி உள்ளே புகுந்து பல புரதங்களை நறுக்கிப் பக்குவப்படுத்துகிறது. அது நடக்காத வைரஸால் அடுத்த செல்லில் ஓட்டை அவிழ்க்க முடியாது. இரண்டு நாளுக்குள் ஒரு செல்லிலிருந்து 10,000 அளவில் புதிய வைரஸ்கள் தயாராகி, செல் வெடித்து வெளிவருகின்றன. தேவைக்கு மேல் செய்யப்பட்ட இழைப் புரதங்களும் வீணாவதில்லை. அவை வெளியேறிப் பக்கத்துச் செல்களுக்கு இடையிலுள்ள பூட்டுகளைத் தளர்த்துகின்றன. அந்தப் பூட்டுகளில் ஒன்று 'கார்' ஏற்பி. செல்களின் மேற்பரப்பில், மூச்சுக்காற்று படும் பக்கத்தில் அது பொதுவாக இருப்பதில்லை. செல்கள் ஒன்றையொன்று தொடும் பக்கவாட்டில்தான் இருக்கிறது.

இந்தச் சிறு விவரம் பல ஆண்டு உழைப்பை வீணாக்கியது. அதற்கு முன் ஊர்தி பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

1973-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில், அலெக்ஸ் வான் டெர் எப்பின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் கிரஹாம், மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களுக்குள் 5-ம் வகை அடினோவைரஸின் டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்திப் பார்த்தார். அவருடைய குறிப்பேட்டில் அது 293-வது சோதனை. அதில் பிழைத்த செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. வைரஸின் இடது கோடி, அதாவது ஈ1ஏவும் ஈ1பியும் இருக்கும் பகுதி, அவற்றின் குரோமோசோமில் தைக்கப்பட்டிருந்தது. 293 செல்கள் என்ற பெயர் நிலைத்தது.

ஊர்தி செய்யும் தந்திரம் இதில் அடங்கியிருக்கிறது. வைரஸிலிருந்து ஈ1 பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால், அந்த வைரஸ் சாதாரணச் செல்லுக்குள் போகும், ஆனால் பெருகாது. முதல் சாவி இல்லாததால் மற்றக் கதவுகள் திறப்பதில்லை. 293 செல்லுக்குள் மட்டும் அந்தச் சாவியைச் செல்லே கொடுக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கில் பெருகும். தொழிற்சாலையில் பெருக்கலாம், நோயாளியின் உடலில் பெருகாது. ஈ3 பகுதியையும் எடுத்துவிட்டால் சுமார் 8,000 கார இணைகள் அளவுக்குச் சரக்கு ஏற்ற இடம் கிடைக்கிறது. வைரஸ் டி.என்.ஏ. நம் குரோமோசோமில் தைத்துக்கொள்வதும் இல்லை. உட்கருவில் தனியாக மிதந்தபடி வேலை செய்கிறது. தவறான இடத்தில் தைத்துக்கொண்டு புற்றுநோயை மூட்டிவிடும் அபாயம் ரெட்ரோவைரஸ் ஊர்திகளுக்கு உண்டு. 2002-ல் பாரிஸில் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு அளித்த சிகிச்சையில் ரத்தப் புற்றுநோய் வந்தது அப்படித்தான்.

நுரையீரலைச் சளியால் அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் முதல் குறியானது இயல்பு. அதன் மரபணு 1989-ல் கிடைத்திருந்தது. மூச்சுக்குழாய்க்குள் போவது அடினோவைரஸின் பிறவிக் குணம். 1993 ஏப்ரலில் ரொனால்ட் கிரிஸ்டலின் குழு முதல் நோயாளிக்கு ஊர்தியைச் செலுத்தியது. மரபணு போய்ச் சேர்ந்தது மிகக் குறைவு; சேர்ந்ததும் சில வாரங்களில் மறைந்தது. அளவைக் கூட்டினால் நுரையீரலில் அழற்சி. மறுபடி கொடுத்தால் முதல் முறை உண்டான எதிர்ப்பொருள்கள் வாசலிலேயே மடக்கின. ஈ1 இல்லாவிட்டாலும் மிச்ச மரபணுக்கள் அங்குமிங்கும் கசிவதைக் கண்ட டி செல்கள், சிகிச்சை பெற்ற செல்களையே தேடிக் கொன்றன. 1997-ல் 'கார்' அடையாளம் காணப்பட்டு, அது எங்கே இருக்கிறது என்பதும் பின்னர் தெரிந்தபோது இன்னொரு காரணமும் விளங்கியது. மருத்துவர்கள் மூச்சுக்காற்றின் பக்கமிருந்து தட்டிய சுவரில் கதவே இல்லை. கதவு சுவருக்குப் பின்னால், வைரஸ் வெளியேறும் பாதையில் இருந்தது.

முதலில் சொன்ன இளைஞர் ஜெஸ்ஸி கெல்சிங்கருக்கு வயது 18. அரிசோனாவின் டூசான் நகரத்தவர். உடலில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரலில் அகற்றும் ஓ.டி.சி. என்ற நொதி அவரிடம் குறைவு. கடுமையான வடிவில் இந்தக் குறை பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும். அவருக்கு வந்தது லேசானது. உணவுக் கட்டுப்பாட்டிலும் மாத்திரைகளிலும் வாழ்ந்துகொண்டிருந்தார். சாகும் நிலையில் இருக்கும் குழந்தையின் பெற்றோரால் சுதந்திரமாக ஒப்புதல் தர முடியாது, எனவே உடல்நிலை சீராக உள்ள பெரியவர்களிடம் முதலில் சோதிப்போம் என்று முடிவாகியிருந்தது. 1999 செப்டம்பர் 13 அன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், கல்லீரலுக்குப் போகும் தமனி வழியாக அவருக்கு ஊர்தி செலுத்தப்பட்டது. 38 லட்சம் கோடி வைரஸ் துகள்கள். அன்றிரவே காய்ச்சல், அடுத்தடுத்துக் கல்லீரல், ரத்த உறைவு, நுரையீரல் என்று ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. செப்டம்பர் 17 அன்று இறந்தார். தனக்காக அல்ல, குழந்தைகளுக்காகச் சோதனைக்குச் சம்மதித்தவர் அவர். மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் விசாரித்தபோது பல குறைகள் வெளிவந்தன. ஊசி போட்ட நாளில் அவருடைய அம்மோனியா அளவு அனுமதித்த வரம்புக்கு மேல் இருந்தது. முன்பு வேறு பங்கேற்பாளர்களுக்கு வந்த பக்கவிளைவுகள் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை. அதிக அளவு கொடுத்த குரங்குகள் இறந்த செய்தி ஒப்புதல் படிவத்தில் இடம்பெறவில்லை.

நிர்வாகத் தவறுகளைத் தாண்டி, இதில் உயிரியல் பாடம் ஒன்றும் உண்டு. அவரைக் கொன்றது வைரஸின் பெருக்கம் அல்ல. அந்த ஊர்தியால் பெருகவே முடியாது. ஓடு செல்லுக்குள் நுழைவதையே உடல் படையெடுப்பாக எடுத்துக்கொண்டது. ரத்தத்தில் இறங்கிய துகள்களைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் முதலில் விழுங்குகின்றன. அவை நிறையும் வரை ஒன்றும் தெரியாது. நிறைந்த பின் மிச்சமெல்லாம் ஒரேயடியாகக் கல்லீரல் செல்களுக்குள் பாயும். அளவை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் என்ற கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. ரத்த உறைவில் பங்குபெறும் பத்தாம் காரணி ஹெக்சான் மேல் ஒட்டிக்கொண்டு வைரஸைக் கல்லீரலுக்கு இழுத்துப்போகிறது என்று 2008-ல்தான் தெரிந்தது. அத்தனை துகள்களைச் செலுத்தியும், அந்தச் சோதனையில் மரபணு வேலை செய்த கல்லீரல் செல்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

வைரஸின் மரபணுக்கள் அனைத்தையும் அகற்றி, இரு நுனிகளையும் ஓட்டுக்குள் ஏற்றும் அடையாள வரிசையையும் மட்டும் விட்டுவைத்த ஊர்திகளும் வந்தன. கிரஹாமின் குழு 1996-ல் இதற்கு நல்ல வழி கண்டது. துணை வைரஸ் ஒன்று கூடவே இருந்து புரதங்களைச் செய்து தரும். 36,000 கார இணைகள் வரை சரக்கு ஏறும். டி செல்களுக்குக் கசியும் மரபணுவே இல்லாததால், பபூன் குரங்குகளின் கல்லீரலில் ஏழு ஆண்டுவரை மரபணு வேலை செய்தது. ஆனால் அதிக அளவு கொடுத்தபோது உடனடி நச்சு விளைவு பழையபடி வந்தது. உள்ளே இருப்பதை எவ்வளவு துடைத்தாலும் ஓடு பழைய ஓடுதானே.

புற்றுநோய் மருத்துவர்களுக்கோ ஓடு எழுப்பும் இந்தக் கூச்சலே தேவையாக இருந்தது. கட்டியின் மேல் உடலின் கவனத்தைத் திருப்ப வேண்டும். மரபணு நிலைத்திருக்க வேண்டியதில்லை. செல் செத்தால் நல்லது. பி53 மரபணுவை ஏற்றிய ஜென்டிசின் என்ற ஊர்தி 2003-ல், தலை, கழுத்துப் புற்றுநோய்க்காகச் சீனாவில் அனுமதி பெற்றது. உலகில் அரசு அனுமதி பெற்ற முதல் மரபணு மருந்து அதுதான். ஈ1பியின் ஒரு புரதம் இல்லாத வைரஸ் பி53 கெட்டுப்போன புற்றுச் செல்லில் மட்டும் பெருகும் என்று 1996-ல் ஃபிராங்க் மெக்கார்மிக்கின் குழு முன்வைத்த எண்ணம் அழகானது. உண்மை அவ்வளவு நேராக இல்லை என்று பின்னர் தெரிந்தது. இருந்தும் அதே வகையில் செய்யப்பட்ட ஆன்கோரின் 2005-ல் சீனாவில் அனுமதி பெற்றது. ஹூஸ்டனில் ஈ1ஏவிலிருந்து 24 கார இணைகளை மட்டும் நீக்கினார்கள். ஆர்பியைத் தளர்த்தும் பகுதி அது. ஆர்பி சரியாக உள்ள செல்லில் அந்த வைரஸ் தடுமாறும். ஆர்பி வழி ஏற்கெனவே உடைந்திருக்கும் கட்டியில் பெருகும். மூளைக் கட்டி மீண்டும் வந்த 25 பேருக்குக் கட்டிக்குள்ளேயே செலுத்தியதில் 5 பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள் என்று 2018-ல் அறிவித்தார்கள். அந்த நோயின் கொடுமையை அறிந்தவர்களுக்கு அது சின்ன எண் அல்ல.

எனக்கு மிகத் தெளிவான உதாரணமாகத் தோன்றுவது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது அங்கே பழைய சிகிச்சை. அதற்குக் கட்டுப்படாதவர்களுக்காக, இன்டர்ஃபெரான் மரபணுவை ஏற்றிய அட்ஸ்டிலாட்ரின் என்ற அடினோவைரஸ் ஊர்தி 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். சுமார் பாதிப் பேருக்கு முதல் மூன்று மாதத்திலேயே புற்று முழுதாக மறைந்தது. மருந்து ரத்தத்துக்குள் பெரிதாகப் போவதில்லை. மூடிய ஓர் அறைக்குள் எவ்வளவு சத்தம் போட்டாலும் வீட்டுக்குத் தொந்தரவு இல்லை.

தடுப்பூசியிலும் இதே நியாயம்தான், ஆனால் பாதை நேராக இருக்கவில்லை. 5-ம் வகையில் செய்த எச்.ஐ.வி. தடுப்பூசியைச் சுமார் 3,000 பேரிடம் சோதித்தபோது 2007 செப்டம்பரில் நிறுத்த வேண்டி வந்தது. ஊசி பாதுகாக்கவில்லை, 5-ம் வகைக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்த ஆண்களில் சிலரிடம் தொற்று கூடுதலாகவே தெரிந்தது. மனிதரிடம் அரிதான வகைகளையும் குரங்கினத்து வகைகளையும் தேடிப்போனார்கள். 26-ம் வகை எபோலா தடுப்பூசிக்கு ஊர்தியானது. ஆக்ஸ்ஃபோர்டில் சாரா கில்பர்ட், ஏட்ரியன் ஹில் குழுவினர் சிம்பன்சி வைரஸ் ஒன்றை எடுத்து ஈ1, ஈ3 பகுதிகளை நீக்கினார்கள். 293 செல்லில் நன்றாகப் பெருகுவதற்காக ஈ4-ன் ஒரு பகுதிக்கு மனித வைரஸின் துண்டைப் பொருத்தினார்கள். 2020-ல் அதில் கொரோனாவின் கூர்ப்புரத மரபணு ஏறியது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் அதைக் கோவிஷீல்டாகச் செய்தது. 2021 ஜனவரி 16 முதல் இந்தியாவில் போடப்பட்ட கொரோனா ஊசிகளில் பெரும்பகுதி அதுதான்.

ஒரு கோவிஷீல்டு ஊசியில் 5,000 கோடி துகள்கள். கெல்சிங்கருக்குச் சென்றது அதைப் போல 760 மடங்கு, அதுவும் நேரே கல்லீரல் தமனிக்குள். தோள் தசையில் இறங்கும் சிறு அளவு எழுப்பும் அபாயமணி ஒன்றிரண்டு நாள் காய்ச்சலாகவும் உடல்வலியாகவும் தெரிந்தது. தனியாக ஊக்கிப் பொருள் எதுவும் சேர்க்கத் தேவைப்படவில்லை, ஓடே அந்த வேலையைச் செய்தது. ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. மிகச் சிலருக்கு, தட்டணுக்களிலிருந்து வரும் பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகி, தட்டணு குறைந்து மூளை நாளங்களில் ரத்தம் உறைந்தது. சிலர் இறந்தார்கள். இதே வைரஸ் குடும்பத்தின் இயற்கையான தொற்றுக்குப் பின்னும் அரிதாக அதே நோய் வருவது பிறகு தெரியவந்தது. கோடிக்கணக்கானோருக்குப் போட்டிருக்காவிட்டால் இந்தத் தொடர்பு கண்ணில் பட்டிருக்காது.

பரம்பரைக் குறையை வாழ்நாள் முழுதும் சரிசெய்யும் வேலைக்கு இன்று வேறு வைரஸ்களைத்தான் நாடுகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபீலியா-ஏ நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய ரத்த மூலச் செல்களை எடுத்து லென்டிவைரஸால் மரபணுவைத் தைத்துத் திருப்பிச் செலுத்திய முடிவுகள் 2024-ல் வெளியாயின. செல் பிரிந்தாலும் மரபணு தொலையக் கூடாது என்ற இடத்தில், உட்கருவில் மிதந்துகொண்டு பிரிவுக்குப் பிரிவு நீர்த்துப்போகும் அடினோவைரஸுக்கு வேலை இல்லை. பிரியாத செல்களான விழித்திரைக்கும் தசைக்கும் கல்லீரலுக்கும் இன்று முன்னணியில் இருப்பது ஏ.ஏ.வி. என்னும் சிறு வைரஸ். 1965-ல் அடினோவைரஸ் மாதிரிகளில் கலந்து கிடந்த அழுக்காகக் கண்ணில் பட்டது அது. ஏற்றக்கூடிய சரக்கு 4,700 எழுத்துகள்தான், ஆனால் அடினோவைரஸ் அளவுக்குச் செல்லை உலுக்காமல் உள்ளே போகும்; பார்வையிழந்த குழந்தைகளுக்கு அதன் மூலம் 2017-ல் ஒரு மருந்தும் வந்தது.

அந்த அமைதியான வைரஸ் தனியாகப் பெருகாது. அடினோவைரஸின் ஈ1ஏ, ஈ1பி, ஈ2ஏ, ஈ4 மரபணுக்களும் ஒரு சிறு ஆர்.என்.ஏ.வும் பக்கத்தில் இருந்தால் அதற்கு உயிர் வரும். அதனால் ஏ.ஏ.வி. மருந்துகள் பலவற்றுக்கான ஊர்தியை 293 செல்களின் வழித்தோன்றல்களிலேயே தயாரிக்கிறார்கள். ஈ1 ஏற்கெனவே அந்தச் செல்லில் இருக்கிறது, 1973-ல் லைடனில் தைக்கப்பட்டபடியே. மிச்ச மரபணுக்களை ஒரு வட்ட டி.என்.ஏ.வில் வைத்து உள்ளே அனுப்பினால் போதும். வடிகட்டிச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கும்போது அடினோவைரஸின் துகள் ஒன்றுகூட அதில் இருக்காது.